பட்டுக்கு எச்சில் இல்லை என்றார்கள்

இதை எழுதிவிட வேண்டும் என்று முதலில் நினைத்தபோது என் கடைசி மகளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. இப்போது அவளுடைய மகளுக்கு வரன் பார்க்கிறார்கள். அத்தனை வருடம் தள்ளிப்போட்டேன். இதற்கென்றே நோட்டு வாங்கினேன். அதில் மளிகைச் சாமான் எழுதினேன், ஸ்ரீராமஜெயம் எழுதினேன், இதை மட்டும் எழுதவில்லை. எட்டாம் வகுப்போடு நின்றவள், எழுத வராது என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். எழுத வராமல் இல்லை. வெட்கம்.

வெள்ளிக்கிழமை தோறும் என்னோடு விளக்குப் பூஜையில் உட்காரும் என் வயதுப் பெண்களே, உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். நம்மில் பாதிப் பேர் தறி வீட்டில் பிறந்தவர்கள். நான் சொல்லும் வாசனையும் சத்தமும் உங்களுக்குத் தெரியும். என்னை முன்வரிசையில் உட்கார வைத்து, முதல் குங்குமம் எனக்குக் கொடுக்கிறீர்கள். ஒவ்வொரு முறையும் கை நீட்ட எனக்குக் கூசும். ஏன் என்று படித்தால் தெரிந்துகொள்வீர்கள்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. எங்கள் வீட்டில் எச்சில் விஷயத்தில் அவ்வளவு கண்டிப்பு. டம்ளரில் வாய் வைத்துக் குடித்தால் அம்மா முதுகில் ஒன்று வைப்பாள். அண்ணாந்துதான் குடிக்க வேண்டும். குழம்பில் உப்புப் பார்க்க வேண்டுமென்றால் உள்ளங்கையில் ஊற்றி நக்கி, கையைக் கழுவிய பிறகுதான் மறுபடி கரண்டியைத் தொடலாம். ஒருவர் கடித்த கொய்யாவை இன்னொருவர் கடிக்கக் கூடாது. துணியைச் சுற்றிக் காக்காய்க்கடி கடித்தால் மன்னிப்பு உண்டு.

இந்தச் சட்டமெல்லாம் தறி இருந்த அறையின் வாசற்படி வரைக்கும்தான்.

தறியில் குறுக்கு இழையைக் கொண்டுபோவது நாடா. இரண்டு முனையும் கூராக, சின்னப் படகு மாதிரி இருக்கும் கட்டை. அதன் வயிற்றுக்குள் நூல் சுற்றிய குச்சி இருக்கும், அதற்குத் தார் என்று பெயர். தார் தீர்ந்ததும் புதுசு போட்டு, நூல் நுனியை நாடாவின் பக்கவாட்டில் உள்ள சின்னத் துளை வழியாக வெளியே எடுக்க வேண்டும். விரலுக்கு வராது. துளையில் உதட்டை வைத்து ஒரே உறிஞ்சு, நூல் நாக்கின் மேல் வந்து உட்காரும். பட்டு நூலுக்கு ஒரு ருசி உண்டு. கொஞ்சம் கஞ்சிப் புளிப்பு, கொஞ்சம் சாயக் கசப்பு. அரக்கு நூலாக இருந்தால் உதட்டில் லேசாகச் சிவப்பு ஒட்டும். அந்த ருசி இன்றைக்கும் நினைத்தால் வரும். வரும்போது வாயைக் கொப்பளிப்பேன்.

ஒரே நாடாவில் அப்பா வாய் வைப்பார், பக்கத்துத் தறியில் நெய்த மாமா வைப்பார், நானும் வைப்பேன். இது மட்டும் எச்சில் இல்லையா என்று அம்மாவை ஒரு தடவை கேட்டேன்.

"பட்டுக்கு ஏதுடி எச்சிலு, தீட்டு? கட்டினாலே மடிதான். சாமிக்குப் போறது. எதித்துக் கேக்காத."

நான் மாமா என்று சொல்வது சொந்த மாமாவை அல்ல. எங்கள் வீட்டின் இரண்டாவது தறியில் கூலிக்கு நெய்தவர். அவரும் அவர் மனைவியும் எங்கள் வீட்டுப் பின்கட்டில் குடியிருந்தார்கள். அந்த அம்மாவை அத்தை என்பேன். அவர்களுக்கு ஏழு வயதில் ஒரு பெண். எல்லோருக்கும் அவள் பாப்பா. முன்பல் இரண்டும் விழுந்து, சிரித்தால் நாக்கு தெரியும்.

உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்று நெய்கிற கோர்வைப் புடவைக்கு ஒரு ஆள் போதாது. நெய்கிறவர் பள்ளத்தில் கால் விட்டு உட்கார்ந்து உடலையும் ஒரு பக்கத்துக் கரையையும் பார்ப்பார். மறுபக்கத்துக் கரைக்கு நாடா போட ஒருவர் பக்கத்திலேயே உட்கார வேண்டும். அது பிள்ளைகள் வேலை. அப்பாவின் தறியில் அது என் இடம். அந்தப் பலகை நான் உட்கார்ந்து உட்கார்ந்தே வழுவழுத்துப் போனது என்று எனக்கு ஒரு கர்வம்.

அந்த வருடம் ஆவணியில் எனக்குத் தொண்டை வலி வந்தது. முதலில் உப்புத் தண்ணீர், பிறகு மிளகுப் பால். மூன்றாம் நாள் எச்சில் விழுங்க முடியவில்லை. கழுத்து இரண்டு பக்கமும் வீங்கி, வாயிலிருந்து ஒரு அழுகல் வாடை. அப்பா குதிரை வண்டி பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அங்கிருந்த டாக்டரம்மா ஸ்பூனால் நாக்கை அழுத்திப் பார்த்துவிட்டு, "தோல் கட்டியிருக்குது பாருங்க" என்று அப்பாவையும் பார்க்கச் சொன்னார். அப்பா பார்த்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டார். தொண்டைக்குள் சாம்பல் நிறத்தில் ஒரு தோல் வளர்ந்திருந்ததாம். தொண்டை அடைப்பான் என்றார்கள்.

ஊசி மேல் ஊசி. அந்த வார்டுக்கு வெளியே, வேப்பமரத்தடியில் நின்று அப்பா வேண்டிக்கொண்டார். பிள்ளை பிழைத்தால் நவராத்திரிக்கு அம்மனுக்கு ஒரு புடவை. அரக்கு உடல், பச்சைக் கரை. அந்தக் கரையைப் பிழைத்த பிள்ளையே தன் கையால் போடுவாள்.

பிழைத்துவிட்டேன். இன்னும் சில நாள் ஊசி பாக்கி இருக்கும்போதே அப்பா கெஞ்சி என்னை அழைத்து வந்துவிட்டார். புரட்டாசி பிறக்கப் போகிறது, புடவை தொடங்கவே இல்லை என்ற தவிப்பு அவருக்கு. புறப்படும்போது டாக்டரம்மா சொன்னதை நான் அப்பாவின் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டேன். ஒரு வார்த்தை விடாமல் கேட்டேன்.

"இவ நல்லா ஓடியாடுவா. அதப் பாத்து ஏமாந்துடாதீங்க. ஆளு தேறினாலும் கிருமி தொண்டையிலயே கொஞ்ச நாள் இருக்கும். இவள ஒன்னும் பண்ணாது, பக்கத்துல இருக்கிற புள்ளையப் பண்ணும். ஒரு மாசம் தனியா வையுங்க. தட்டு, டம்ளரு எல்லாம் தனி. வேற கொழந்தைங்க கிட்ட வரக் கூடாது. திரும்ப வந்து காட்டுங்க."

"சரிங்கம்மா, சரிங்கம்மா" என்றார் அப்பா. திரும்பிப் போய்க் காட்டவில்லை.

தட்டும் டம்ளரும் மட்டும் உடனே தனியாகிவிட்டன. எச்சில் பார்க்கிற வீட்டுக்கு அது சுலபம். என் டம்ளரில் அம்மா ஒரு சிவப்பு நூல் கட்டி மாடத்தில் வைத்தாள். என்னைப் பாவு என்கிற நெடுக்கு நூல் மூட்டைகள் வைக்கும் உள்ளறையில் படுக்க வைத்தார்கள். அங்கே கச்சாப் பட்டின் வாடை. சுவருக்கு அந்தப் பக்கம் தறியின் சத்தம். தறியில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த புடவைக்கு, என் பலகையில் என்னைக் கேட்காமல் பாப்பாவை உட்கார வைத்திருந்தார்கள். அவள் நாடா தவறவிட்டால் அப்பா அதட்டுவது கேட்கும். எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். ஐந்து நாள் அந்த அறையில் கிடந்தேன். ஐந்து நாள்தான்.

ஆறாம் நாள் காலை என்னைக் குளிக்க வைத்து, விபூதி இட்டு, அம்மன் புடவை தொடங்கத் தறிக்கு அழைத்தார்கள். அத்தை கையில் தார்க் கூடையோடு வாசற்படியில் நின்றாள்.

"அக்கா, பாப்பா இங்கியே இருக்கட்டுமா, இட்டுக்கினு போய்டட்டுமா? தொண்டையில வந்ததாச்சே" என்று அம்மாவைக் கேட்டாள்.

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா பாவு இழையைச் சரிபார்ப்பது போல் குனிந்துகொண்டார். "அம்மனுக்குப் போற புடவைமா. இதுல என்னா வரப்போவுது? இவ இன்னும் களைச்சிப் போவா. ரெண்டு பேரும் மாத்தி மாத்தி போடட்டும்" என்றார்.

அத்தைக்கு மனம் கேட்கவில்லை. குனிந்து என் முகத்தைப் பார்த்து, "ஏங்கண்ணு, டாக்டரு உன்ன யாருகூடவும் சேரக் கூடாதுன்னு ஏதானும் சொன்னாங்களா?" என்று கேட்டாள்.

பெரியவர்களை நம்பாமல் என்னைக் கேட்டாள்.

"இல்ல அத்தை" என்றேன்.

யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. அப்பா கண் காட்டவில்லை. ஐந்து நாள் தனியாகக் கிடந்த அலுப்பு எனக்கு. என் பலகை எனக்கு வேண்டும், பக்கத்தில் பேச்சுக்குப் பாப்பாவும் வேண்டும். ஆமாம் என்றால் மறுபடி உள்ளறை. அவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிய காரணம் ஏதாவது இருக்கிறதா என்று ஐம்பது வருடத்துக்கு மேல் தேடிப் பார்த்துவிட்டேன். இல்லை.

அந்த வாரம் போல நான் சிரித்தது கிடையாது. காற்று பட்டால் இழை உலர்ந்து அறும் என்று சன்னலைச் சாத்தியே வைத்திருப்பார்கள். அரை இருட்டு. பள்ளத்திலிருந்து மண்ணின் குளிர்ச்சி. ஒரு தார் நான், ஒரு தார் அவள். தார் மாற்றும்போது யார் ஒரே உறிஞ்சில் நூலை எடுப்பது என்று போட்டி. பாப்பாவுக்கு முன்பல் இல்லாததால் காற்று போய்விடும். இரண்டு மூன்று முறை உறிஞ்சிப் பார்த்துத் தோற்று, என்னிடம் நீட்டுவாள். நான் எடுத்துக் கொடுத்துவிட்டுக் கேலி செய்வேன். மறுபடி பிடுங்கி அவளே உறிஞ்சுவாள்.

"ஏய், ரெண்டு பேரும் நூல உறியிறீங்களா, பாயசம் உறியிறீங்களா?" என்று மாமா பக்கத்துத் தறியிலிருந்து கத்துவார்.

"பாயசம்தாம்பா! உனக்குக் கெடையாது!" என்பாள் பாப்பா.

ஒரு நாள் கரை முடிச்சில்லாமல் வந்தது. அப்பா பாப்பாவின் கன்னத்தைத் தட்டி, "அம்மனே ஒக்காந்து போட்ட மாதிரி இருக்குது" என்றார்.

சேர்ந்து உட்கார்ந்த நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, மத்தியானம் தெருவில் ஐஸ் வண்டி மணி கேட்டது. அத்தை பாப்பாவுக்கு ஒரு குச்சி ஐஸ் வாங்கிக் கொடுத்தாள். நல்லா வேலை செய்கிறாள் என்று. எனக்கும் கேட்டாள். தொண்டையைக் காட்டி அம்மா வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். பாப்பா என் எதிரில் நின்று சப்பிச் சப்பி, ரோஸ் நிறமாகிப் போன நாக்கை நீட்டி எனக்குப் பழிப்புக் காட்டினாள்.

மறுநாள் காலை அவளுக்குத் தொண்டை வலி.

"ஐஸுதான்" என்றாள் அம்மா. முதலில் சொன்னது எங்கள் அம்மாதான். நான் பக்கத்தில் நின்றேன். "பச்சப் புள்ளைக்கு ஐஸு வாங்கிக் குடுப்பாங்களா? எம்பொண்ணுக்கு வந்தது சூட்டுல வந்தது. இது குளிர்ச்சியில வந்தது. வேற வேற. கல்யாண முருங்கை அடை தட்டிக் குடு, சரியாய்டும்."

அம்மாவுக்குக் கெட்ட எண்ணம் இல்லை. அவள் அதை நம்பினாளா, நம்ப ஆசைப்பட்டாளா என்றுதான் எனக்கு இன்னும் தெரியவில்லை. குளிர்ச்சி என்று சொன்னதால் குளிர்ச்சிக்கு வைத்தியம் நடந்தது. அடை, கற்பூரவள்ளிச் சாறு, நெற்றியில் பற்று. ஆஸ்பத்திரி என்ற சொல்லை யாரும் எடுக்கவில்லை. மூன்று நாள் அப்படிப் போயிற்று. நாலாம் நாள் பாப்பா மூச்சு இழுக்கும் சத்தம் தறிச் சத்தத்தையும் மீறிக் கேட்டது. அப்பா பாதி இழையில் எழுந்து ஓடி வண்டி பிடித்தார். மாமா மடியில் அவள் போனாள். திரும்பி வரும்போதும் மாமா மடியில்தான் வந்தாள்.

ஆஸ்பத்திரியில் அன்றைக்கு இருந்த வேறு டாக்டர், பக்கத்தில் வேறு எந்தக் குழந்தைக்காவது வந்ததா என்று கேட்டாராம். "தெருவுல ஆயிரம் புள்ளைங்க வெளாடுதுங்கம்மா" என்று அப்பா பதில் சொன்னாராம். மாமாதான் அதை அழுதுகொண்டே வாசலில் யாரிடமோ சொன்னார். மறுநாள் சுகாதார இன்ஸ்பெக்டர் வந்து வீடு வீடாகப் பிள்ளைகளின் தொண்டையைப் பார்த்தார். அதற்கு முன்னமே என்னை மாகறலில் பெரியம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த வீட்டிலும் இரண்டு குழந்தைகள் இருந்தன. அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அம்மன் காப்பாற்றினாள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அப்படிச் சொன்னால் பாப்பாவை ஏன் விட்டாள் என்று கேட்க வேண்டிவரும். அம்மன் புடவை கேட்கவில்லை. ஒரு மாதம் தனியாக இரு என்று டாக்டரம்மா வாயால் சொன்னாள், நாங்கள் அதைக் கேட்காமல் புடவை கொடுத்தோம்.

புடவையை அப்பா தனியாக முடித்தார். நவராத்திரியில் அது சாத்தப்பட்டது. கூட்டத்தில் என்னைத் தூக்கிக் காட்டினார்கள். கற்பூர வெளிச்சத்தில் பச்சைக் கரை மின்னியது. எந்த இடம் என் கை, எந்த இடம் பாப்பாவின் கை என்று தேடினேன். கண்டுபிடிக்க முடியவில்லை. எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நானும் போட்டுக்கொண்டேன்.

அந்தப் பச்சைக் கரை நாடாவை அதன் பிறகு நான் பார்க்கவில்லை. வேறொன்றும் நடந்தது. அப்பா ஒரு பழைய குடைக் கம்பியை நுனி வளைத்து, கொக்கி மாதிரி செய்து, அதை நாடாவின் துளைக்குள் விட்டு நூலை இழுக்க ஆரம்பித்தார். அதற்கு நேரம் பிடிக்கும். பக்கத்து வீட்டுக்காரர்கள் சிரித்தார்கள்.

"என்னாபா, வாயில புண்ணா? வீட்ல சண்டையா?"

"பழகிக்கினு இருக்கேன்" என்று மட்டும் சொல்வார். சாகிற வரைக்கும் நாடாவில் அவர் வாய் வைத்து நான் பார்க்கவில்லை. எங்களையும் விடவில்லை. அவருக்குத் தெரிந்திருந்தது என்பது அந்தக் கம்பியைப் பார்த்தால் தெரியும். அது எனக்கு விளங்கவே பல வருடம் ஆயிற்று. தெரிந்தவர் மாமாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறு வருடம் மாமா குடும்பம் வேறு வீட்டுத் தறிக்குப் போய்விட்டது.

என் மூத்தவனுக்கு முத்தடுப்பு ஊசி போட எடுத்துப்போனபோது, அதில் ஒன்று தொண்டை அடைப்பானுக்கு என்று நர்ஸ் சொன்னாள். ஐஸ் சாப்பிட்டால் அது வருமா என்று கேட்டேன்.

"ஐஸால எப்படிமா வரும்? அது கிருமி. இருமல், தும்மல், எச்சில்ல ஒருத்தர்கிட்டருந்து ஒருத்தருக்குப் போவும். மூடின ரூம்ல பக்கத்துல பக்கத்துல ஒக்காந்தாலே போதும். தொண்டையில ஒட்டிக்கினு விஷம் விடும். அந்த விஷம் ரத்தத்துல ஏறி நெஞ்சயே நிறுத்திடும்" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்து, "ஊசி போட்டா பயமில்லமா" என்றாள்.

நாடாவா, சாத்திய சன்னலா, இரண்டுமா, யாருக்குத் தெரியும். எதுவாக இருந்தாலும் அந்த அறைக்குள் அதைக் கொண்டுவந்தது என் தொண்டை. வாசலைத் திறந்து விட்டது என் நாக்கு. அன்றைக்கே அத்தையிடம் போயிருக்கலாம். போகவில்லை. நாற்பது வருடத்துக்கு மேல் போகவில்லை. கல்யாண வீடுகளில் பார்ப்பேன். பந்தியில் எந்தக் குழந்தை ஐஸ்கிரீமைத் தொட்டாலும் அத்தை எழுந்து வந்து பிடுங்கிவிடுவாள். "கிழவிக்கு ஐஸ் பைத்தியம்" என்று சிரிப்பார்கள். நான் சிரிக்கவில்லை, அவ்வளவுதான் நான் செய்தது.

போன தை வெள்ளியன்று ஏனாத்தூரில், பாப்பாவுக்குப் பிறகு பிறந்த மகன் வீட்டில் இருக்கும் அத்தையைப் பார்க்கப் போனேன். எண்பத்தைந்துக்கு மேல் வயது. கண் மங்கல், காது மட்டும் நன்றாகக் கேட்கிறது. கோயில் விபூதி கொடுத்தேன். பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டரம்மா சொன்னது, நான் கேட்டது, அத்தை என்னைக் கேட்டது, நான் "இல்ல அத்தை" என்றது.

அத்தை என் பக்கம் திரும்பினாள். பிறகு கேட்டாள்.

"அப்போ ஐஸு இல்லியா?"

"இல்ல அத்தை."

"ஐஸால இல்லியா?"

"ஐஸால வராது அத்தை. ஐஸுக்கு முன்னாடியே ஒட்டிக்கிச்சி."

"பாதிதான் சாப்ட்டா. மீதிய எங்கிட்ட நீட்னா. 'நீயும் கடிம்மா'ன்னா. நானும் தின்னேன். ஒரே ஐஸு, எனக்கு ஒன்னும் ஆவல, எம்பொண்ண மட்டும் ஏன் கொன்னுச்சின்னு நான் கேக்காத கோயில் இல்ல." கையைத் தொடையில் தேய்த்துக்கொண்டே இருந்தாள். "நாக்கெல்லாம் ரோஸா ஆயிடுச்சி. நீட்டிக் காட்னா. நல்லா ருசிச்சி சாப்ட்டா. அத நான் நெனைக்கவே மாட்டேன், நெனைப்பு வந்தா எழுந்து போயிடுவேன்." தேய்த்த கையை நிறுத்தி, "உங்கம்மாக்குத் தெரியுமா?" என்றாள்.

"டாக்டர் சொன்னது தெரியும் அத்தை."

"ம்." முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "நீ எழுந்து போம்மா. இன்னிக்கு உம்மூஞ்சியப் பாக்க முடியல என்னால."

செருப்பை மாட்டும்போது கூப்பிட்டாள்.

"எங்க வீட்டுக்காரரு சாவற வரைக்கும் அந்த ஐஸ சொல்லியே என்னைப் பேசினாரு. தெருவே பேசுச்சி. நீ போயி சொல்லு. எல்லார்கிட்டயும் சொல்லு. ஐஸு இல்லன்னு சொல்லு."

மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அவள் சொல்லச் சொன்னதைத்தான் இங்கே செய்திருக்கிறேன்.

நீங்கள் உங்கள் பிள்ளைகளிடம், பேரப்பிள்ளைகளிடம் இதைச் சொல்லுங்கள். சொல்லும்போது எனக்காக ஒரு வார்த்தையும் மாற்றாதீர்கள். பாவம், சின்னக் குழந்தை, தெரியாமல் சொல்லிவிட்டாள் என்று யாராவது சேர்த்தால் அதை எடுத்துவிடுங்கள். எனக்குத் தெரியும், தெரிந்துதான் சொன்னேன். அம்மன் சோதித்தாள் என்றும் சேர்க்காதீர்கள். அந்தக் குழந்தையின் தாய் வாங்கிக் கொடுத்தது ஒரு ரோஸ் நிறக் குச்சி ஐஸ். அதில் ஒரு குற்றமும் இல்லை. அவள் பாதி சாப்பிட்டாள், ருசித்துச் சாப்பிட்டாள், மீதியை அம்மாவுக்குக் கொடுத்தாள். இதை விட்டுவிடாமல் சொல்லுங்கள்.